டெங்கு போய்விட்டது, மகள் இன்னும் சாப்பிடவில்லை

முல்லைத்தீவு மாவட்டத்தின் ஒரு கிராமத்திலிருந்து ஒரு தாய் நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஊரும் குடும்பமும் அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். மகளின் நிறையை மாதவாரியாகக் குறித்திருந்தார். அந்த எண்களை வேண்டுமென்றே வெளியிடவில்லை. இதே வருத்தம் உள்ள வேறொரு பிள்ளை அவற்றைப் பார்த்தால் போட்டியாக எடுத்துக்கொள்ளும்.

கடிதத்தின் சாரம் இது. மகளுக்குப் பதினாறு வயது. கடந்த மார்கழி மழையில், சாதாரண தரப் பரீட்சைக்கு இரண்டு மாதங்கள் இருக்கையில், டெங்கு வந்தது. ஒரு வாரம் வைத்தியசாலையில் இருந்தாள். துண்டு வெட்டி வீட்டுக்கு வந்த பின்னும் வாய் கசந்தது. இரண்டு வாய் உண்டதும் வயிறு நிறைந்துவிட்டது என்றாள். வருத்தம் கண்ட உடம்பு, மெல்லத் தேறும் என்று பொறுத்திருந்தார்கள். தைப்பொங்கலுக்கு வந்த உறவினர்கள் "மெலிந்து வடிவாக வந்துவிட்டாய்" என்றார்கள். மாசிக்குப் பிறகு சோறு நின்றது, எண்ணெய் நின்றது, செவ்வாயும் வெள்ளியும் விரதம் தொடங்கியது. விடியும் முன்னரே எழுந்து முற்றத்தில் வேகமாக நடக்கிறாள். தம்பிக்கு விதம்விதமாகச் சமைத்துக் கொடுக்கிறாள், மணிக்கணக்காகச் சமையல் காணொளி பார்க்கிறாள், தான் மட்டும் தொடுவதில்லை. தட்டிலுள்ள சோறு கோழிக்குப் போகிறது. நான்கு மாதங்களாக மாதவிடாய் இல்லை. வைகாசியில் வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்குப் போன இடத்தில் சனத்துக்குள் மயங்கி விழுந்தாள்.

காரணம் சொல்ல ஆளுக்குக் குறைவில்லை. நேர்த்தி தவறியதால் வந்த அம்மன் குற்றம் என்கிறார் மாமியார். பசித்தால் தின்பாள், விடு என்கிறார் கடற்றொழிலுக்குப் போகும் தகப்பன். இது வெள்ளைக்காரப் பணக்காரப் பிள்ளைகளின் வருத்தம், இவளுக்குத் திமிர் என்கிறார் ஆசிரியை ஒருவர். வைரஸ் தொற்றினால் உண்ணல் கோளாறு வரும் என்று இணையத்தில் படித்த கனடாத் தாய்மாமன், மூளை ஸ்கேனும் குருதிப் பரிசோதனைகளும் செய்யுங்கள், அன்டிபயோட்டிக் கேளுங்கள், காசு அனுப்புகிறேன் என்கிறார். தாய்க்கோ வேறு பயம். 2009இல், போரின் கடைசி மாதங்களில், இந்தப் பிள்ளை வயிற்றில் இருந்தபோது தான் பட்ட பட்டினிதான் இப்படிப் பிடித்துக்கொண்டதா என்று கேட்கிறார். அந்தப் பட்டினியின் நினைவாக மே மாதம் கொடுத்த முள்ளிவாய்க்கால் கஞ்சியை மகள் வாயில் வைக்காமல் ஊற்றியதைக் கண்டு கைநீட்டிவிட்டதாகவும் எழுதியிருக்கிறார். கடைசியில் மூன்று கேள்விகள்: வைரஸ்தான் காரணமா? அது இன்னும் உடம்பில் இருக்கிறதா? அதைக் கண்டுபிடித்தால் குணமாகுமா?

அம்மா, நேரான விடையை முதலில் சொல்கிறேன். வைரஸ் இதைத் தொடக்கிவைத்திருக்கலாம். இப்போது அது அவள் உடம்பில் இல்லை. இன்று அவளை நோயாளியாக வைத்திருப்பது பட்டினி. குளக்கட்டு உடைத்துப் பாயும்போது எந்த எலிவளையில் தொடங்கியது என்று யாரும் தேடிக்கொண்டு நிற்பதில்லை, மண்மூட்டையோடு ஓடுவார்கள். மயங்கி விழுந்த, நான்கு மாதம் மாதவிடாய் நின்ற பிள்ளையை நாளைக்கே வைத்தியசாலைக்குக் கூட்டிப்போங்கள். மாஞ்சோலை, கிளிநொச்சி, வவுனியா, எது கிட்டவோ அது. மீதியை அங்கே வரிசையில் இருக்கும்போது வாசிக்கலாம்.

வைரஸ் பற்றிக் கனடாவிலுள்ள உங்கள் தம்பி சொன்னது

அவர் முழுக்கப் பிழையாகச் சொல்லவில்லை. டென்மார்க்கில் 1989 முதல் 2006 வரை பிறந்த ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்பிள்ளைகளின் மருத்துவப் பதிவுகளை ஆராய்ந்து 2019இல் ஓர் ஆய்வு வெளியானது. கடும் தொற்றுக்காக வைத்தியசாலையில் தங்கியவர்களிடம், அப்படித் தங்காதவர்களைவிட, அனோரெக்சியா எனப்படும் பட்டினி நோய் 22 சதவீதம் கூடுதலாகக் காணப்பட்டது. உண்டுவிட்டுச் சத்தி எடுக்கும் புலிமியா 35 சதவீதம் கூடுதல். தொற்றுக்குப் பிந்திய முதல் மூன்று மாதங்களில்தான் இந்த அபாயம் மிக அதிகம். உங்கள் மகளின் கணக்கும், மார்கழியிலிருந்து மாசி, அதற்குள் வருகிறது.

ஆனால் இந்த எண்களைப் பார்த்துக் கலங்க வேண்டாம். ஒரு பேச்சுக்கு, ஆயிரம் பிள்ளைகளில் பத்துப் பேருக்கு இந்த வருத்தம் வரும் என்று வைத்துக்கொண்டால், 22 சதவீதக் கூடுதல் என்பது பன்னிரண்டு பேர். தொற்று வந்த மிகப் பெரும்பாலானோருக்கு எதுவும் வருவதில்லை. அந்த ஆய்வு வைரஸை மட்டும் தனியே எடுத்துப் பார்த்ததும் அல்ல. எல்லாத் தொற்றுகளும் சேர்ந்தவை. டெங்கு அந்த நாட்டு வருத்தமும் அல்ல. இரண்டு விஷயம் ஒன்றையடுத்து ஒன்று வருவதை அது காட்டுகிறது. முதலாவதுதான் இரண்டாவதை உண்டாக்கியது என்று நிரூபிக்கவில்லை.

எப்படி நடந்திருக்கலாம் என்பதற்கு விளக்கம் உண்டு. தொற்று வந்ததும் உடம்பு அழற்சிப் புரதங்களைச் சுரக்கிறது. அவை மூளையில் பசியைத் தணிக்கின்றன, சோர்வைக் கொடுக்கின்றன. காய்ச்சல்காரருக்குச் சோறு கசப்பது இதனால்தான். டெங்கு ஈரலையும் கொஞ்சம் தாக்குவதால் குமட்டல் கூடும். காய்ச்சல் விட்டபின் சில வாரங்கள் அசதி நீடிப்பதும் உண்டு. பெரும்பாலானோருக்குப் பசி தானாகத் திரும்பிவிடும். பிறவியிலேயே இந்த நோய்க்குச் சாய்வுள்ள சில பிள்ளைகளுக்கு மட்டும், அந்தச் சில வார நிறைக்குறைவே வேறொரு பாதையைத் திறந்துவிடுகிறது. அனோரெக்சியாவில் பரம்பரையின் பங்கு கணிசமானது என்பது இன்று தெளிவு. உங்கள் மகளுக்கு அதே வாரங்களில் பரீட்சைப் பயம் இருந்தது, படிப்பு பிந்திய கவலை இருந்தது, பொங்கலுக்கு வந்தவர்களின் பாராட்டு இருந்தது. இவ்வளவும் சேர்ந்த இடத்தில் வைரஸை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு மனம் வரவில்லை.

பரிசோதனைகளைப் பற்றியும் சொல்லவேண்டும். டெங்கு வைரஸ் ஒரு வாரமளவில் குருதியிலிருந்து நீங்கிவிடும். ஆனால் அதற்கு எதிராக உடம்பு உண்டாக்கிய ஐ.ஜி.ஜி. என்னும் எதிர்ப்பொருள் பல ஆண்டுகள் இருக்கும். தனியார் ஆய்வுகூடத்தில் அதைப் பார்த்து "பொசிட்டிவ்" என்று துண்டு வந்தால் வைரஸ் இன்னும் இருக்கிறது என்று பொருளல்ல. முன்பு வந்துபோயிருக்கிறது, அவ்வளவுதான். அன்டிபயோட்டிக் பக்டீரியாவுக்கானது. வைரஸை அது தொடாது. வயிற்றைக் குழப்பி இருக்கிற பசியையும் கெடுக்கும். பப்பாசி இலைச்சாறு இன்னும் கொடுப்பதாக எழுதியிருக்கிறீர்கள். நிறுத்திவிடுங்கள். குமட்டுகிற பிள்ளைக்கு அந்தக் கசப்பு எதற்கு?

தொண்டைத் தொற்றுப் போன்றவற்றுக்குப் பிறகு ஓரிரு நாளுக்குள் பிள்ளை தலைகீழாக மாறிவிடும் ஓர் அரிய நிலையும் உண்டு. நேற்றுவரை நன்றாக இருந்த பிள்ளை திடீரென்று சாப்பிட மறுக்கும், கை கழுவிக்கொண்டே இருக்கும், முகம் கழுத்து துடிக்கும், எழுத்து உருக்குலையும். உங்கள் தம்பி படித்தது அநேகமாக இதைப் பற்றியதாக இருக்கும். உங்கள் மகளுக்கு மாற்றம் படிப்படியாக மாதக்கணக்கில் வந்திருக்கிறது. அது இது அல்ல என்றே நினைக்கிறேன். ஆனாலும் இந்த விவரத்தை வைத்தியரிடம் சொல்லுங்கள்.

பட்டினி மனத்தையும் மாற்றும்

தம்பிக்குச் சமைக்கிறாள், காணொளி பார்க்கிறாள், தான் தின்னவில்லை என்பதை ஒரு வஞ்சகம்போல எழுதியிருக்கிறீர்கள். அது நோயின் முகம். 1944, 45இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் அன்சல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 ஆரோக்கியமான இளைஞர்களை, அவர்களின் சம்மதத்தோடு, ஆறு மாதமளவு அரைப்பட்டினியில் வைத்துப் பார்த்தார். போரில் பட்டினி கிடந்தவர்களை எப்படித் தேற்றுவது என்று அறிவதற்காகச் செய்த பரிசோதனை. நல்ல மனநிலையோடு உள்ளே வந்த அந்த ஆண்கள் சமையல் குறிப்புப் புத்தகங்களை வாசிக்கத் தொடங்கினார்கள். கொடுத்ததைத் துண்டு துண்டாக்கி நெடுநேரம் அளைந்தார்கள். எரிந்து விழுந்தார்கள், ஒதுங்கினார்கள், மனச்சோர்வில் வீழ்ந்தார்கள், எப்போதும் குளிருகிறது என்றார்கள். பட்டினி நின்ற பிறகும் மனம் பழைய நிலைக்கு வரப் பல மாதங்கள் எடுத்தன. அவர்களில் யாருக்கும் மெலிய வேண்டும் என்ற ஆசை இருக்கவில்லை.

ஆகவே பசித்தால் தின்பாள் என்ற கணக்கு இங்கே சரிவராது. பட்டினி கிடக்கும் வயிறு மெதுவாகத்தான் காலியாகும். இரண்டு வாயில் நிறைந்துவிட்டது என்று அவள் சொல்வது பொய்யில்லை. உண்மையாகவே அப்படித்தான் உணர்கிறாள். மகளோடு வாதாடி வெல்ல முடியாமல் போவதற்கும் இதுதான் காரணம்.

திமிர் என்ற ஆசிரியைக்கும் இதே பதில். இந்த வருத்தம் நிறமும் வங்கிக் கணக்கும் பார்ப்பதில்லை. ஆண்பிள்ளைகளுக்கும் வரும். மெலிவு என்றாலே சயரோகமா, மாப்பிள்ளைக் கவலையா என்று போய்விடுகிற நம் ஊர்களில் இதற்குப் பெயர் சொல்ல ஆள் குறைவு, அவ்வளவே.

ஒன்றை மட்டும் கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள். அவள் பயப்படுவது நிறை கூடிவிடும் என்றா, அல்லது சத்தி வரும், வயிறு நோகும் என்றா? இரண்டாவதென்றால் அது வேறு வகை உண்ணல் கோளாறு. வடிவைப் பற்றிய கவலை அதில் இராது. ஒரு காய்ச்சல், ஒரு வாந்தி, தொண்டையில் ஒரு முள் சிக்கியது போன்றவற்றுக்குப் பிறகு தொடங்குவது அதில் சாதாரணம். உங்கள் கடிதத்தை வைத்துப் பார்த்தால் முதல் ஆறு வாரம் அப்படித் தொடங்கி, பிறகு நிறைப் பயமாக மாறியது போலத் தெரிகிறது. கண்டு பேசாமல் முடிவாகச் சொல்ல மாட்டேன்.

வைத்தியசாலையில்

வெளிநோயாளர் பிரிவிலேயே தொடங்கலாம். உளநலப் பிரிவுக்குப் போனால் ஊர் கதைக்கும், நாளைக்குக் கலியாணம் பேசும்போது வரும் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பயத்துக்காகக் கதவை மூடிவிடாதீர்கள். முதலில் அவளைப் பார்க்கப்போவது பொது வைத்தியர்தான். உளநலப் பிரிவு பிறகு அவர்களோடு சேர்ந்து வேலை செய்யும். அரச வைத்தியசாலையில் இதற்கெல்லாம் கட்டணம் இல்லை. அவளுடைய விவரம் பாடசாலைக்கோ அயலுக்கோ போகக்கூடாது. பாடசாலைக்குத் தேவையானது ஓய்வு வேண்டும் என்ற மருத்துவக் கடிதம் மட்டும்.

டெங்குக்குத் தந்த நோய் அட்டையையும், கடைசி மாதவிடாய் வந்த திகதியையும், நீங்கள் குறித்த நிறைக் கணக்கையும் கொண்டுபோங்கள். படுத்தும் நின்றும் நாடித்துடிப்பு, குருதி அமுக்கம், உடல் வெப்பம், இ.சி.ஜி., குருதியில் பொற்றாசியம், பொஸ்பேற்று, மக்னீசியம், சீனி: இவை முக்கியம். தைரொயிட், நீரிழிவு, சயரோகம் போன்றவற்றால் மெலியவில்லை என்பதையும் பார்க்கவேண்டும். மூளை ஸ்கேன் எல்லோருக்கும் தேவையில்லை. தலையிடி, பார்வை மாற்றம், வலிப்பு போன்ற அறிகுறி இருந்தால் வைத்தியரே கேட்பார்.

பல நாட்களாக மிகக் குறைவாக உண்டவருக்குத் திடீரென்று நிறைய ஊட்டுவதும் ஆபத்து. இரண்டாம் உலகப்போரின் முடிவில் பட்டினியிலிருந்து மீட்ட சிறைக்கைதிகள் பலர் வயிறு நிறைய உண்ட பின் இறந்தார்கள். உணவு உள்ளே வந்ததும் குருதியில் பொஸ்பேற்று சடுதியாக விழுந்து இதயம் தடுமாறும். எனவே முதல் நாட்களின் அளவை வைத்தியர் சொல்லட்டும். தயமின் விற்றமினும் தருவார்கள். மருந்துக்கடைப் பசிப் பாணியை நம்பாதீர்கள். அனோரெக்சியாவைக் குணமாக்கும் குளிசை என்று ஒன்று இன்றுவரை இல்லை.

காத்திருக்கக்கூடாத அறிகுறிகள்

மீண்டும் மயக்கம், நெஞ்சு நோவு, கால்வீக்கம், தண்ணீரும் குடிக்க மறுப்பது, குழப்பமான பேச்சு. அமைதியாகப் படுத்திருக்கையில் ஒரு முழு நிமிடம் நாடியை எண்ணுங்கள்; விழித்திருக்கும்போது 50க்குக் கீழே என்றால் அன்றைக்கே போகவேண்டும். குந்தியிருந்து கையை ஊன்றாமல் எழும்பச் சொல்லிப் பாருங்கள். முடியாவிட்டால் தசை கரைந்துவிட்டது. இரவென்றாலும் 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். அவள் வர மறுத்தால் கெஞ்சவும் வேண்டாம், ஏமாற்றிக் கூட்டிப்போகவும் வேண்டாம். "உன் உயிருக்குப் பயமாக இருக்கிறது, இதை நான் முடிவெடுக்கிறேன், நான் கூடவே இருப்பேன்" என்று சொல்லிக் கூட்டிப்போங்கள்.

வீட்டில்

இந்த நோய்க்கென்று தனி வார்டு வன்னியில் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். ஆனால் இளம்பிள்ளைகளுக்கு இன்று உலகெங்கும் முதலில் பரிந்துரைக்கும் சிகிச்சையே வீட்டில், பெற்றோர் கையால் நடப்பதுதான். லண்டனின் மோட்ஸ்லி வைத்தியசாலையில் உருவான முறை இது. சாப்பாட்டு முடிவைக் கொஞ்ச காலம் பிள்ளையின் கையிலிருந்து பெற்றோர் எடுத்துக்கொள்கிறார்கள். தேறத் தேறத் திருப்பிக் கொடுக்கிறார்கள். வைத்தியரோடும் உளவளத்துணையாளரோடும் பேசி இதைச் செய்யலாம்.

மூன்று வேளைச் சாப்பாடு, இடையில் மூன்று சிற்றுணவு. தட்டில் நீங்களே போடுங்கள். பக்கத்தில் இருந்து நீங்களும் உண்ணுங்கள். உண்ட பின் ஒரு மணி நேரம் தனியே விடாமல் எதையாவது கதைத்துக்கொண்டிருங்கள். கலோரி, நிறை, வடிவு என்ற பேச்சு வீட்டில் வேண்டாம். "முகம் கொஞ்சம் தெளிந்திருக்கிறது" என்று நல்ல மனத்தோடு சொல்வதுகூட "கொழுத்துவிட்டாய்" என்றே அவள் காதில் விழும். விலை கூடிய மாப்பெட்டிகள் எதற்கு? எருமைத்தயிர், பால், முட்டை, நல்லெண்ணெய் விட்ட உழுத்தங்களி, கச்சான், தேங்காய்ப்பால் விட்ட சொதி, எல்லாம் உங்கள் கையெட்டும் தூரத்தில் இருக்கின்றன. வேக நடை, நாடி சரியாகும்வரை நிற்கவேண்டும். வீட்டில் தராசு இருந்தால் எடுத்து வையுங்கள். கிளினிக்கில் நிறுத்தால் போதும்.

டெங்கு நேரம் சொன்ன பத்தியத்தை அவள் இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறாள் என்று கவனித்திருக்கிறீர்கள். கூர்மையான கவனிப்பு அது. சிவப்பு, கறுப்பு நிற உணவைத் தவிர்க்கச் சொல்வது, சத்தியில் இரத்தம் வருகிறதா என்று குழம்பக்கூடாது என்பதற்காக, காய்ச்சல் நாட்களுக்கு மட்டும். அது முடிந்து மாதங்களாகின்றன. இதை நீங்கள் சொல்வதைவிட வைத்தியர் அவள் முன்னால் சொன்னால் எடுபடும். விரதமும் அப்படியே. நோயாளிக்கு விரதக் கட்டாயம் இல்லை என்பதை ஐயர் வாயால் கேட்கச் செய்யுங்கள். மாமியார் வற்றாப்பளையில் நேர்த்தியைத் தீர்க்க விரும்பினால் தடுக்காதீர்கள். வைத்தியசாலைக்குப் போவது அதற்காகப் பிந்தக்கூடாது என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

2009, கஞ்சி, உங்கள் கை

வயிற்றில் இருந்தபோது நீங்கள் பட்ட பட்டினிதான் அவளுக்கு இதைக் கொண்டுவந்தது என்று சொல்ல எந்த மருத்துவ ஆதாரமும் என்னிடம் இல்லை. அதே மாதங்களில் அதே பட்டினியில் உருவான எத்தனையோ பிள்ளைகள் இன்று உங்கள் கிராமத்தில் வயிறார உண்டு திரிகிறார்கள். அந்தப் பழியை நீங்கள் சுமக்க வேண்டியதில்லை.

கஞ்சிக்கு வரிசையில் நின்ற ஒருவருக்கு, சோறு கோழிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டிருப்பது எத்தகைய வதை என்பதை என்னால் ஊகிக்கத்தான் முடியும். உங்கள் கோபத்தில் அர்த்தம் இருக்கிறது. ஆனாலும் "நாங்கள் அன்று பட்டினி கிடந்தோம்" என்ற பேச்சு இவளுக்கு மருந்தாகாது. தனக்குச் சாப்பிடத் தகுதியில்லை என்று ஏற்கெனவே நினைக்கும் பிள்ளைக்கு அது இன்னொரு காரணமாகிவிடும். அடித்ததற்கு மன்னிப்புக் கேளுங்கள். நீட்டாமல், ஒரு வரியில். உங்கள் கதையை அவள் தேறிய பிறகு சொல்லுங்கள், கேட்பாள். இந்தப் பாரத்தோடு நீங்கள் தூக்கமில்லாமல் இருப்பதாகவும் எழுதியிருக்கிறீர்கள். மகளைப் பார்க்கும் அதே உளநலப் பிரிவில் உங்களுக்கும் ஒரு கிளினிக் துண்டு போடச் சொல்லுங்கள்.

கடிதத்தின் ஓரத்தில், வேறு மையில், ஒரு வரி இருந்தது: "செத்தால் நல்லது என்று ஒருநாள் சொன்னாள், வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள்." அப்படிக் கடந்துபோக வேண்டாம் அம்மா. சாக வேண்டும் என்ற எண்ணம் வருகிறதா என்று அவளிடம் நேராகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. பல பிள்ளைகளுக்கு யாரோ கேட்டதே ஆறுதலாக இருக்கும். ஆம் என்றால் தனியே விடாதீர்கள், அன்றைக்கே வைத்தியரிடம் சொல்லுங்கள். 1926 என்ற தேசிய மனநல உதவி இலக்கத்துக்கு எந்நேரமும் அழைக்கலாம். தோட்டத்துப் பூச்சிமருந்துப் போத்தல்களை அவள் ஆம் என்றாலும் இல்லை என்றாலும் இன்றே வீட்டைவிட்டு அகற்றுங்கள்.

இந்தப் பதிலை அவளுக்குக் காட்டலாமா என்று முன்கூட்டியே கேட்டிருந்தீர்கள். காட்டுங்கள். மினசோட்டா இளைஞர்களைப் பற்றிய பகுதியை முதலில் கொடுங்கள். ஒளித்து வாசிக்க விரும்பினால் விட்டுவிடுங்கள், என்ன நினைக்கிறாய் என்று உடனே கேட்காதீர்கள். கேள்வி இருந்தால் அவளே எனக்கு எழுதலாம். அம்மாவின் கையெழுத்து தேவையில்லை.